க்வேக் 2: ரே டிரேசிங் பதிப்பா, ரீமாஸ்டரா?

கேள்வி இது: "க்வேக் 2 என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டு இப்போது இரண்டு புதிய வடிவங்களில் கிடைக்கிறது. ஒன்று, 2019இல் கிராபிக்ஸ் அட்டை நிறுவனமான என்விடியா வெளியிட்ட ஆர்டிஎக்ஸ் பதிப்பு. மற்றொன்று, 2023இல் நைட்டைவ் ஸ்டுடியோஸ் செய்துகொடுத்த ரீமாஸ்டர், அதாவது மெருகேற்றிய மறுபதிப்பு. இதுவரை ஆடாத ஒருவர் எதை எடுக்க வேண்டும்? காட்சியில் எது உயர்ந்தது?"

முதலில் நேரடியான பதிலைச் சொல்லிவிடுகிறேன். முழு விளையாட்டையும் முதன்முறையாக ஆடப்போகிறீர்கள் என்றால் ரீமாஸ்டரை எடுங்கள். ஒளிக்கதிர்களின் பாதையைப் பின்தொடர்ந்து படம் வரையும் ரே டிரேசிங் முறையில் அமைந்த ஆர்டிஎக்ஸ் பதிப்பின் முதல் மூன்று நிலைகள் இலவசம். அவற்றையும் கட்டாயம் இறக்கிப் பாருங்கள், ஆனால் இரண்டாவதாக.

காரணத்தைச் சொல்ல இடம் வேண்டும். இந்த இரண்டையும் மங்கலானது, பளபளப்பானது என்று பிரித்தால் விஷயம் பிடிபடாது. ஓர் அறையில் வெளிச்சம் எங்கே விழ வேண்டும் என்பதை யார் தீர்மானிக்கிறார்கள் என்று பாருங்கள். ரீமாஸ்டரில் அதைத் தீர்மானிப்பவர் 1997இல் அந்த அறையைக் கட்டிய வடிவமைப்பாளர். ஆர்டிஎக்ஸில் அந்தப் பொறுப்பு பெரும்பாலும் இயற்பியலின் கைக்குப் போய்விடுகிறது. மற்ற வேறுபாடுகள் எல்லாம் இதிலிருந்து கிளைப்பவை.

ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் 1997 டிசம்பரில் க்வேக் 2ஐ வெளியிட்டபோது, ஒளி எப்படிப் பரவுகிறது என்பதை ஆட்டத்தின் நடுவே கணக்கிடும் வலு எந்த வீட்டுக் கணினிக்கும் இல்லை. ஆகவே கணக்கை முன்கூட்டியே முடித்துவைத்தார்கள். வடிவமைப்பாளர் அறையைக் கட்டி விளக்குகளையும் வைத்ததும், தனியொரு நிரல் சுவர், தரை, கூரை எல்லாவற்றையும் சிறு துண்டுகளாக வெட்டி, எந்தத் துண்டிலிருந்து எந்தத் துண்டுக்கு எவ்வளவு ஒளி போகிறது என்று கணக்கிடும். சிவப்புச் சுவரில் பட்ட ஒளி பக்கத்துத் தரையில் இலேசான சிவப்பாகப் படர்வதும் அதில் அடங்கும். ரேடியோசிட்டி என்பது இந்த முறையின் பெயர். 1996இல் வந்த முதல் க்வேக்கில் விளக்கிலிருந்து நேராக விழும் ஒளி மட்டுமே உண்டு. பட்டுத் தெறித்துப் பரவும் ஒளி இரண்டாவது க்வேக்கில்தான் வந்தது. கிடைத்த விடையை லைட்மேப் என்ற சிறுசிறு படங்களாக நிலையின் கோப்பிலேயே சேமித்தார்கள். ஆடும்போது கணினி செய்ய வேண்டியதெல்லாம் சுவரின் மேல் ஒட்டிய படமான டெக்ஸ்சரை லைட்மேப்பின் வெளிச்சத்தால் பெருக்குவது மட்டும்தான்.

இதை இவ்வளவு விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ரே டிரேசிங் வந்த பிறகுதான் க்வேக் 2க்கு மெய்யான ஒளி கிடைத்தது என்று பலர் எழுதுகிறார்கள். அது சரியில்லை. ஒரு காட்சியில் ஒளி எப்படிப் பரவும் என்பதைச் சொல்லும், ஜேம்ஸ் கஜியா 1986இல் எழுதிய ரெண்டரிங் சமன்பாடுதான் இந்தத் துறைக்கே அடித்தளம். ரேடியோசிட்டியும், ரே டிரேசிங்கின் முழு வடிவமான பாத் டிரேசிங்கும் அந்த ஒரே சமன்பாட்டை இரண்டு வழிகளில் அணுகுபவை. பழைய முறைக்கு இரண்டு பெரிய வரம்புகள் இருந்தன. சொரசொரப்பான பரப்பில் எல்லாப் பக்கமும் சிதறும் ஒளியை மட்டுமே அது அறியும். கண்ணாடியும் பளபளக்கும் உலோகமும் அதன் எல்லைக்கு வெளியே. இரண்டாவது, விடை ஒருமுறை எழுதப்பட்டுவிட்டால் அதன்பின் மாறாது.

அந்த விடையின் நுணுக்கமும் குறைவு. லைட்மேப்பில் 16 யூனிட்டுக்கு ஒரு புள்ளி (யூனிட் என்பது விளையாட்டுக்குள் நீளத்தின் அளவு). ஆட்டத்தில் நம் வீரரின் உயரம் 56 யூனிட். அதாவது ஆளுயரச் சுவரில் மேலிருந்து கீழாக மூன்று நான்கு ஒளிப்புள்ளிகள்தான் இருக்கும். பழைய க்வேக் 2இல் கம்பிகளின் நிழல் பஞ்சுபோல் குழைந்து தெரிவது இதனால்தான்.

"மூல வடிவம்" என்று நாம் சொல்வதும் ஒன்றில்லை. கிராபிக்ஸ் அட்டை இல்லாத கணினியில் சாஃப்ட்வேர் ரெண்டரரில் (காட்சியை வரையும் நிரல்) ஆடியவர்கள் நிறமற்ற வெளிச்சத்தைப் பார்த்தார்கள். வூடூ போன்ற அட்டை வைத்திருந்தவர்கள் ஓபன்ஜிஎல் என்ற வரைகலை இடைமுகம் வழியாக ஆரஞ்சும் பச்சையுமாக வண்ண ஒளியில் அதே அறைகளைப் பார்த்தார்கள். ஒரே ஆண்டில், ஒரே விளையாட்டு, இரண்டு முகங்கள். இதை நினைவில் வைத்துக்கொண்டால், "இது மூலத்துக்கு உண்மையாக இல்லை" என்ற சண்டையில் பாதி அடங்கிவிடும்.

இனி ஆர்டிஎக்ஸ் பதிப்புக்கு வருவோம். ஐடி சாஃப்ட்வேர் 2001 டிசம்பரில் க்வேக் 2இன் மூல நிரலைப் பொதுவெளியில் திறந்துவிட்டது. அதன் மேல் ரசிகர்கள் கட்டிய பல வடிவங்களில் ஒன்றை எடுத்து, ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே தொழில்நுட்பக் கல்வி நிலையத்தில் ஆய்வு செய்த கிறிஸ்டோஃப் ஷீட் ஒரு வேலை செய்தார். லைட்மேப்பை முற்றிலுமாகத் தூக்கி எறிந்துவிட்டு, திரையில் அடுத்தடுத்து ஓடும் படங்களான ஃபிரேம்கள் ஒவ்வொன்றையும் பாத் டிரேசிங்கில் மட்டுமே வரையும் க்வேக் 2ஐ 2019 ஜனவரியில் வெளியிட்டார். என்விடியாவின் லைட்ஸ்பீட் ஸ்டுடியோஸ் அதை வளர்த்தெடுத்து, அதே ஆண்டு ஜூன் 6 அன்று க்வேக் 2 ஆர்டிஎக்ஸ் என்று வெளியிட்டது. ரே டிரேசிங் வன்பொருள் கொண்ட ஆர்டிஎக்ஸ் அட்டைகள் கடைக்கு வந்து ஓராண்டுகூட ஆகாத நேரம் அது. அன்று வந்த பெரிய விளையாட்டுகள் நிழல், பிரதிபலிப்பு, எதிரொளி (பட்டுத் தெறித்துப் பரவும் ஒளி) என ஏதோ சிலவற்றுக்கு மட்டும் கதிர்களைப் பயன்படுத்தின. நேரொளி, நிழல், எதிரொளி, பிரதிபலிப்பு, ஒளிவிலகல் எல்லாவற்றையும் ஒரே முறையில் கணக்கிட்டது இதன் சாதனை. வடிவியல் எளிமையான 22 ஆண்டுப் பழைய விளையாட்டாக இருந்ததால்தான் அது அன்றைக்கு இயன்றது.

இதில் நான் மிகவும் மதிக்கும் பகுதி, படத்தின் இரைச்சலை நீக்கும் டினாய்சர். ஒவ்வொரு பிக்சலுக்கும் ஆயிரக்கணக்கான கதிர்களை அனுப்பினால் தூய படம் கிடைக்கும், ஆனால் ஆட்டம் ஓடாது. இங்கே பிக்சலுக்கு ஓரிரு கதிர்ப்பாதைகள்தான். நேராகப் பார்த்தால் திரை முழுவதும் புள்ளி புள்ளியாக இரைச்சல். அதை முந்தைய ஃபிரேம்களோடும் அக்கம்பக்கத்துப் பிக்சல்களோடும் சேர்த்துச் சலித்து வழவழப்பாக்கும் முறையை ஷீட் சக ஆய்வாளர்களுடன் 2017இல் வெளியிட்டார். வெளிச்சம் திடீரென மாறும்போது பழைய ஃபிரேம்களின் சாயல் ஒட்டிக்கொள்வதைக் குறைக்கும் திருத்தத்தை அடுத்த ஆண்டே கொண்டுவந்தார். விளையாட்டுகளில் இன்று பாத் டிரேசிங் பேசப்படுகிறதென்றால், அதற்கு வழி திறந்தவற்றில் இந்த வேலைக்கு முதன்மையான இடம் உண்டு.

ஆட்டத்தில் இதனால் என்ன கிடைக்கிறது? இருண்ட நடைபாதையில் பிளாஸ்டரால் ஒரு குண்டு சுடுங்கள். மஞ்சள் ஒளி சுவர்களை வருடிக்கொண்டே போகும். தூண்களின் நிழல்கள் எதிர்த்திசையில் சுழலும். பழைய விளையாட்டிலும் குண்டோடு வெளிச்சம் போகும், ஆனால் அதற்கு நிழல் கிடையாது. ராக்கெட் பறந்தால் சுவருக்கு அந்தப்பக்கத்து அறையும் ஒரு கணம் ஒளிரும், ஏனென்றால் அந்தக் கணக்கு தூரத்தை மட்டும் பார்க்கும், இடையில் சுவர் இருப்பதைப் பார்க்காது. ஆர்டிஎக்ஸில் மூலைக்குப் பின்னால் நிற்கும், எதிரிகளான ஸ்ட்ராக் இனத்தின் வீரனுடைய நிழல் அவனுக்கு முன்பே உங்கள் காலடிக்கு வந்துவிடும். இதை வெறும் அழகு என்று ஒதுக்க முடியாது. உயிரைக் காப்பாற்றும் தகவல் அது. நீரும் கண்ணாடியும் பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை. அவற்றில் பழைய முறை போட்டியிலேயே இல்லை.

சரி, இவ்வளவு இருந்தும் ஏன் இரண்டாவது இடம்?

முதல் காரணம், கண்ணுக்குத் தெரியாத விளக்குகள். 1997இன் வடிவமைப்பாளர் கூரையில் ஒளிரும் பலகையை வைப்பார். அதோடு நிற்க மாட்டார். காற்றில் எந்தப் பொருளும் இல்லாத இடத்தில் ஓர் ஒளிப்புள்ளியை வைத்து, போக வேண்டிய கதவைச் சற்றுப் பிரகாசமாக்குவார். வெடிமருந்துப் பெட்டி கிடக்கும் மூலைக்குக் கொஞ்சம் வெளிச்சம் தருவார். எதிரி பதுங்கும் பள்ளத்தை இருளிலேயே விடுவார். நாடக மேடையில் நடிகர் முகத்தில் விழும் ஒளிவட்டத்தைப் பார்த்து, "இந்த வெளிச்சம் எந்த ஜன்னலிலிருந்து வருகிறது?" என்று யாரும் கேட்பதில்லை. அதே நியாயம்தான் இங்கேயும். பாத் டிரேசிங் பதிப்பிலோ, அறைக்குள் ஒளி தருபவை ஒளிர்வதாகக் குறிக்கப்பட்ட பரப்புகள்தாம். காற்றில் மிதந்த அந்தப் புள்ளிகள் காணாமல் போகின்றன. விளைவாக, சில அறைகள் அற்புதமாகின்றன. சிலவற்றில் நீங்கள் போக வேண்டிய வாசல் இருட்டில் மூழ்குகிறது. தொடக்கத்திலேயே இந்தப் பதிப்பை ஆடியவர்களில் பலர் "வழி தெரியாமல் சுற்றினேன்" என்று சொல்வதில் வியப்பில்லை. வழிகாட்டிய ஒளி அங்கே இல்லை.

இரண்டாவது, டெக்ஸ்சர். பழைய டெக்ஸ்சர்களில் ஒளியும் நிழலும் ஓவியமாகவே தீட்டப்பட்டிருக்கும். ஓர் இரும்புத் தகட்டின் ஆணிக்கு மேல்பக்கம் வெளிர்நிறக் கீற்று, கீழ்ப்பக்கம் கருநிழல். 256 நிறங்களுக்குள் ஓவியர் உழைத்து வரவழைத்த மேடு பள்ளம் அது. அப்படிப்பட்ட தகட்டின் மேல் கீழிருந்து மெய்யான ஒளியைப் பாய்ச்சினால், தீட்டிய நிழலும் கணக்கிட்ட நிழலும் ஒன்றையொன்று மறுக்கும். ஆகவே பாத் டிரேசிங்குக்குப் புதிய டெக்ஸ்சர்களும், பரப்பின் சொரசொரப்பையும் உலோகத்தன்மையையும் சொல்லும் கூடுதல் படங்களும் தேவைப்பட்டன. அங்கேதான் ஓவியம் மாறுகிறது. பல சுவர்கள் ஈரமான பிளாஸ்டிக் போலவோ புதிதாகத் துடைத்த எஃகு போலவோ தெரிகின்றன. ஸ்ட்ராகின் தளம் துருவும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்த இடம். அந்த அழுக்கு பல இடங்களில் கழுவப்பட்டுவிட்டது.

மூன்றாவது, வானம். ஸ்ட்ராகஸ் கிரகத்தின் வானம் நோய்பிடித்த ஆரஞ்சு நிறம். ஆர்டிஎக்ஸில் சூரியனின் நிலையை, பொழுதை எல்லாம் மாற்றலாம். காலை வெயில் திறப்புகள் வழியாக உள்ளே சாய்ந்து விழும் காட்சி, விளம்பரப் படங்களில் எல்லோரும் பார்த்ததுதான், மிக அழகானது. ஆனால் அந்த வெயிலில் நின்றால் அச்சம் வரவில்லை. அமைப்புகளில் தேடினால் பழைய வானத்துக்கே திரும்பலாம் என்பது ஆறுதல்.

நைட்டைவ் எடுத்த வழி வேறு. பழைய விளையாட்டுகளை மீட்டெடுப்பதையே தொழிலாகக் கொண்ட நிறுவனம் அது. விளையாட்டுகளை இயக்கும் அடிப்படை நிரலான தங்கள் கெக்ஸ் எஞ்ஜினுக்குள் க்வேக் 2ஐக் கொண்டுவந்து 2023 ஆகஸ்ட் 10 அன்று வெளியிட்டார்கள். லைட்மேப் முறையைக் கைவிடவில்லை, அடித்தளமாக வைத்துக்கொண்டார்கள். அதன்மேல் தேர்ந்தெடுத்த விளக்குகளுக்கு மட்டும் ஷேடோ மேப் முறையில் (விளக்கிலிருந்து பார்த்தால் மறையும் இடங்களை நிழலாக்குவது) உயிருள்ள நிழலைச் சேர்த்தார்கள். எதிரி ஒரு விளக்கின் முன் நடந்தால் நிழல் விழும்; வழிகாட்டும் ஒளியோ இருந்த இடத்திலேயே இருக்கும். எந்த விளக்கு நிழல் தர வேண்டும் என்று ஒரு மனிதர் ஒவ்வோர் இடமாகப் பார்த்து முடிவுசெய்திருக்கிறார். அந்த முடிவுகள் எனக்குப் பிடித்திருக்கின்றன.

உருவங்களிலும் அதே கவனம். மூல விளையாட்டில் ஒவ்வொரு அசைவிலும் உருவத்தின் முனைகளை ஓர் அச்சுக்கு ஒரே ஒரு பைட்டில் சேமித்தார்கள். அதனால் அசையும்போது முகமும் துப்பாக்கியும் கூழ்போல் நெளியும். ரீமாஸ்டரின் புதிய உருவங்கள் எலும்புக்கூடு முறையில் அசைபவை, நெளிவு போயிற்று. ஆனால் பழைய உருவத்தின் சாயலை விட்டு விலகவில்லை. மூல ஓவியர் உருவத்தைக் கட்டும் சிறு பரப்புகளான பாலிகன்கள் இன்னும் கொஞ்சம் கிடைத்திருந்தால் எதைச் செய்திருப்பாரோ அதைச் செய்ததுபோல் இருக்கின்றன. வேண்டாம் என்றால் பழைய உருவங்களுக்கே மாறிக்கொள்ளலாம். பெர்சர்க்கர் என்ற எதிரி பாய்ந்து தாக்குவது போல, அன்று கைவிடப்பட்ட அசைவுகளையும் மீட்டுச் சேர்த்திருக்கிறார்கள். இரண்டு விரிவாக்கத் தொகுப்புகள், நின்டெண்டோ 64இன் தனி க்வேக் 2, மெஷின்கேம்ஸ் புதிதாக எழுதிய கால் ஆஃப் த மெஷின் எல்லாம் கூடவே வருகின்றன. அந்தப் புதிய நிலைகளை ஆடிப் பாருங்கள். லைட்மேப்பை அடிப்படையாக வைத்தே, கைதேர்ந்த வடிவமைப்பாளர் இன்று என்ன செய்ய முடியும் என்பது தெரியும். பழைய கருவி தீர்ந்துபோகவில்லை என்பதற்கு அதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

இதனால் ரீமாஸ்டர் என்றாலே நம்பலாம் என்று நான் சொல்லவில்லை. 2001இல் பங்கி நிறுவனம் செய்த ஹேலோ விளையாட்டின் பத்தாம் ஆண்டு நிறைவுக்காக 2011 நவம்பர் 15 அன்று வந்த பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பொத்தானை அழுத்தினால் பழைய காட்சிக்கும் புதிய காட்சிக்கும் மாறலாம். ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட நேர்மையான வசதி இல்லை. எல்லா ரீமாஸ்டருக்கும் அது கட்டாயமாக வேண்டும் என்பேன். அந்தப் பொத்தானே குறையையும் காட்டிக்கொடுத்தது. 343 கில்டி ஸ்பார்க் என்ற நிலையில், சதுப்பு நிலத்தின் மூடுபனியும் இருளும் சேர்ந்து, இன்னும் யாரென்று தெரியாத எதிரியைப் பற்றிய பயத்தை மெல்ல ஏற்றும். புதிய காட்சியில் அதே இடம் செடிகொடிகளும் வண்ணமுமாகப் பளிச்சென்று இருக்கிறது. எதிரி அறிமுகம் ஆவதற்கு முன்பே பயம் கலைந்துவிடுகிறது. தவிர, உள்ளே ஓடுவது பழைய விளையாட்டு, மேலே போர்த்தியது புதிய காட்சி என்பதால், கண்ணுக்குத் தெரியும் பாறையின் விளிம்பும் குண்டு படும் விளிம்பும் சில இடங்களில் ஒத்துவருவதில்லை. இங்கே ஒரு கதிர்கூடப் பயன்படவில்லை. தவறு முழுவதும் மனிதத் தேர்வில் வந்தது.

மறுபக்கம், என்விடியா தன் ரீமிக்ஸ் கருவியைக் கொண்டு 2022 டிசம்பரில் போர்ட்டல் விளையாட்டையும், விளையாட்டுகளை மாற்றியமைக்கும் ரசிகர்கள் அதே கருவியில் 2025 மார்ச்சில் ஹாஃப் லைஃப் 2இன் இரண்டு பகுதிகளையும் பாத் டிரேசிங்கில் கொண்டுவந்தார்கள். மூல நிரலைக் கையில் வாங்காமலே, விளையாட்டு கிராபிக்ஸ் அட்டைக்கு அனுப்பும் கட்டளைகளை இடைமறித்து ஒளியையும் பொருட்களையும் மாற்றும் கருவி அது. ஹாஃப் லைஃப் 2இன் ராவன்ஹோம் பகுதியில் நெருப்பின் ஒளி சுவர்களில் அலைவது மிக நன்றாக வந்திருக்கிறது. அந்த ஊருக்கு இருளும் தீயும் இயல்பாகவே பொருந்துபவை. போர்ட்டலின் சோதனை அறைகள் அப்படியில்லை. 2007இல் அவை நிழலில்லாத, மருத்துவமனை போன்ற வெறுமையால் நம்மைச் சங்கடப்படுத்தின. புதிய வடிவத்தின் ஆழ்ந்த நிழலும் வெதுவெதுப்பான ஒளியும் அந்தச் சங்கடத்தைக் குறைத்துவிட்டன. இரண்டிலும் ஒரே கருவிதான். ஆகவே ரே டிரேசிங் பழைய ஷூட்டர்களுக்கு நல்லதா என்று பொதுவாகக் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அந்த விளையாட்டில் ஒளி என்ன வேலை செய்தது என்று கேட்டால் பதில் சொல்ல முடியும். 1993இன் டூமில் ஒரு பகுதி முழுவதற்கும் ஒரே ஒளி அளவுதான். விளக்கே இல்லாத அறை பிரகாசமாக இருக்கும், அடுத்த அடியில் சட்டென்று இருட்டு. அந்தத் திடீர் வெட்டுதான் அதன் பயம். அதற்குப் பாத் டிரேசிங் சேர்த்த ரசிகர் வடிவத்தில், விளக்குகளையே புதிதாக யோசித்து வைக்க வேண்டியிருந்தது.

ஒப்பிடும்போது சில விஷயங்களில் கவனமாக இருங்கள். வீடியோவில் பார்த்து முடிவெடுக்காதீர்கள். வீடியோச் சுருக்கம் முதலில் தின்பது இருண்ட பகுதிகளின் நுணுக்கத்தைத்தான், பழைய க்வேக் 2 வாழ்வதே அங்கேதான். நின்ற படத்தை நம்பாதீர்கள். டினாய்சருக்கு நேரம் கொடுத்து எடுத்த படம் எப்போதும் அழகாக இருக்கும். பக்கவாட்டில் வேகமாக ஓடிக்கொண்டே சுட்டுப் பாருங்கள், விளிம்புகளில் சாயல் இழுபடுகிறதா என்று அப்போதுதான் தெரியும். திரையின் பிரகாச அளவு இரண்டிலும் ஒன்றாக இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, புதிய அறைக்குள் நுழைந்ததும் உங்கள் கண் முதலில் எங்கே போகிறது என்பதைக் கவனியுங்கள். கதவுக்கும் எதிரிக்கும் போகிறதா, தரையில் தெரியும் பிரதிபலிப்புக்குப் போகிறதா?

கணினியைப் பற்றி: ரீமாஸ்டர் நின்டெண்டோ சுவிட்சிலேயே ஓடும், உங்களிடம் இருக்கும் எதிலும் ஓடிவிடும். ஆர்டிஎக்ஸ் பதிப்புக்கு ரே டிரேசிங் வன்பொருள் உள்ள அட்டை வேண்டும். தொடக்கத்தில் என்விடியா அட்டைகளில் மட்டும் ஓடியது. வல்கன் என்ற பொது வரைகலைத் தரத்தில் ரே டிரேசிங் பொதுவாக்கப்பட்ட பிறகு ஏஎம்டி அட்டைகளிலும் ஓடுகிறது. முதல் தலைமுறை ஆர்டிஎக்ஸ் அட்டையாக இருந்தால் ரெசல்யூஷனைக் குறைத்துக்கொள்ளுங்கள், எதிரொளி அளவைக் குறைக்காதீர்கள். அதைக் குறைத்தால் இந்தப் பதிப்பைப் பார்ப்பதன் பயனே போய்விடும். இன்னொன்று, ஆர்டிஎக்ஸ் பதிப்புக்குள்ளேயே பழைய ஓபன்ஜிஎல் ரெண்டரரும் இருக்கிறது. வீடியோ அமைப்புகளில் மாற்றிக்கொள்ளலாம். ரீமாஸ்டரை முடித்த பிறகு, அவுட்டர் பேஸ் என்ற முதல் நிலையை இரண்டு ரெண்டரரிலும் ஒருமுறை நடந்து பாருங்கள். காற்றில் மிதந்த விளக்குகள் எங்கெங்கே இருந்தன என்று நீங்களே சுட்டிக்காட்டிவிடுவீர்கள்.